அக்காவின் ஜவ்வு

பூங்கோதை தன் வலது முழங்கால் ஜவ்வைத் தம்பி நல்லமுத்துவுக்குக் கொடுத்து இரண்டு வருடமாகிறது. மெல்ல ஓடினால் ஜவ்வு வலுப்படும், மூச்சிரைக்க ஓடினால் கிழியும் என்றிருந்தார் டாக்டர். அதனால் அவன் ஓடும்போதெல்லாம் அக்கா போனில் பேச்சுக் கொடுப்பாள். பேச்சு தடைபடாத வேகம்தான் அவன் வேகம்.

நேற்று ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் கூட ஓடிய ஆபீஸ் இளவட்டங்கள், "சாருக்கு அக்கா முட்டிடா, அதான் இந்த நடை!" என்று சிரித்தார்கள். நல்லமுத்து போனை அணைத்துவிட்டு, அவர்களை முந்தப் பாய்ந்தான்.

இன்று வீங்கிய காலோடு அக்கா வீட்டில் நின்றான்.

"பாத்ரூம்ல வழுக்கிடுச்சுக்கா. உன்ற இடது கால் ஜவ்வும் வேணுங்கறாரு டாக்டர்."

அக்கா கைத்தடியை ஊன்றி எழுந்தாள். அவள் மணிக்கட்டுப் பட்டை சிவப்பாக மின்னியது. கொடுத்த ஜவ்வு அந்தப் பட்டை வழியே கொடுத்தவருக்கும் சேதி அனுப்பும் என்பதை அவன் மறந்தே போயிருந்தான். நேற்றைய ஓட்டம் முழுக்க அதில் இருந்தது.

"ஓட்டத்துல முதல்லயாச்சும் வந்தியா, சாமி?"

"இல்லக்கா. கடைசி."

அவள் இடது முழங்காலை ஒருமுறை தடவிக்கொண்டாள். "செரி, என்னைய எப்ப வரச் சொன்னாங்க?"

வேண்டாமென்று சொல்ல வாயெடுத்தான். நின்ற இடத்திலேயே அவனுக்கு மூச்சிரைத்தது, பேச்சு வரவில்லை.