பாக்கி நாலடி

பகவதியம்மாள் பலகையை மூடி, அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். பெட்டிக்குள் காலை மடக்கிக் கிடந்த அவள் புருஷன் தாணுலிங்கம் முந்நூறு வரை எண்ணினான். மூச்சு முட்டவில்லை.

“சத்தமே காணல்ல. உசிரு இருக்கா?” என்று அவள் பலகையில் தட்டினாள்.

“இருக்கு. நீ எறங்குட்டி, பலகை வளையுது.”

வெளியே வந்த தாணுலிங்கம் எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் இரண்டு துளை போட்டான். நாளைக் காலையில் இதே இடத்தில் அவன் தம்பி பொன்னுலிங்கம் கிடக்கப்போகிறான்.

மலையாள சர்க்காரை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று தக்கலையில் போன ஊர்வலத்தில் பொன்னுலிங்கமும் இருந்தான். கல்லெறிந்தான் என்று வாரண்டு. மூன்று வாரமாகத் தோப்பிலும் ஓடைக்கரையிலும் கண் மூடாமல் ஒளிந்து திரிகிறான். ஆரல்வாய்மொழி செக்போஸ்ட்டைத் தாண்டிவிட்டால் வேறு சர்க்கார். வள்ளியூரில் சித்தி வீடு இருக்கிறது. ஆனால் செக்போஸ்ட்டில் வைக்கோல் வண்டியைக்கூடக் குத்திப் பார்க்காமல் விடுவதில்லை.

சர்வேயர் கிருஷ்ணமணியின் ஜீப்பை மட்டும் கை காட்டி விட்டுவிடுவார்கள். இரண்டு சர்க்காருக்கும் நடுவிலுள்ள மலை எல்லையை அளக்கிறவர் அவர். காட்டில் கூடாரம் அடித்தால் அட்டை கடிக்கிறது என்று, ஜீப்பிலேயே படுக்க ஒரு பலகைக்கட்டில் செய்யச் சொல்லித் தச்சன் தாணுலிங்கத்திடம் வண்டியை விட்டிருந்தார். அடியில் சாமான் வைக்க வேண்டும். ஊருக்கு வந்ததும் கழற்றிவிட வேண்டும்.

பட்டாளத்தில் ஓடி ஏலத்துக்கு வந்த ஜீப் அது, ஸ்டீரிங் இடப்பக்கம். வலப்பக்கத்து சீட்டை எடுத்தால் ஓர் ஆள் நீட்டிப் படுக்கிற இடம் கிடைக்கும். சர்க்கார் வண்டியில் புதிதாகத் துளை போடக் கூடாது. அதனால் சீட்டைப் பிடித்திருந்த நாலு துளையிலேயே போல்ட்டை இறக்கிப் பெட்டியை நிறுத்தினான். அயனிப் பலகை, கனம் குறைவு. நாலு நட்டைத் திருகி எடுத்தால் இரண்டு பேர் தூக்கி வெளியே வைத்துவிடலாம்.

பெட்டியின் மேல்பலகைதான் படுக்கை. பின்பக்கம் ஓர் இழுப்பறை. பார்த்தால் பெட்டியின் நீளம் முழுக்க ஓடுவதுபோல் இருக்கும். ஆனால் ஒன்றே முக்கால் அடியோடு சரி. அதற்கப்பால் ஒரு தடுப்பு, தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆள் சுருண்டு கிடக்கிற இடம். அங்கே முன்பலகை ஆணியில் நிற்கவில்லை, இரண்டு ஆப்பில் நின்றது. சர்வேயர் சங்கிலியை எடுத்துக்கொண்டு அளக்கப் போனதும், உள்ளேயிருந்து ஆப்பைத் தட்டிவிட்டு இறங்கி நடந்துவிடலாம்.

“அந்த மனுசன் சாயாக்கடையில சொன்னத கேட்டியளா? ஊர்வலம் போன பயக்களுக்க முட்டிய அடிச்சு ஒடிக்கணுமாம்” என்றாள் பகவதியம்மாள்.

“அதுனாலதான் அவருக்க வண்டிய ஒருத்தனும் தொறந்து பாக்கமாட்டான்.”

“பொன்னு உள்ள கெடந்து உறங்கிப்போனா? அவனுக்க குறட்டைக்கு நம்ம பசு கயித்த அறுத்துக்கிட்டு ஓடும்.”

“உசிரு போற நேரத்துல எவன்ட்டி உறங்குவான்? பேசாத இரி.”

மறுநாள் விடிந்ததும் கிருஷ்ணமணி வந்துவிட்டார். பொன்னுலிங்கம் உள்ளே போய் அரைமணி நேரம்கூட ஆகவில்லை. அவர் மேல்பலகையில் தொப்பென்று உட்கார்ந்து ஆடிப் பார்த்தார்.

பிறகு டேப்பை எடுத்தார். பெட்டியை வெளியே அளந்தார். இழுப்பறையை இழுத்து அதையும் அளந்தார். இரண்டையும் நோட்டில் எழுதினார். முன்பக்கத்துத் துளைகளில் விரலை வைத்தார்.

“இது எதுக்கு?”

“அரிசி புழுத்துப் போகாம இருக்க, சாரே.”

“அரிசி பின்னால இல்லியா இருக்கும்?”

“காத்து ஓடி அங்க போயிரும், சாரே.”

அவர் நோட்டைப் பையில் வைத்துவிட்டு வண்டியை எடுத்தார். எப்போதும் அவரேதான் ஓட்டுவார்.

நாலு நாளாகியும் வள்ளியூரிலிருந்து கடுதாசி இல்லை. பகவதியம்மாள் அடுப்பு மூட்டவே மறந்தாள். செக்போஸ்ட்டில் யாரையோ பிடித்ததாகப் பஸ்காரன் ஒருவன் சொன்னான். பேர் தெரியாது என்றான்.

ஐந்தாம் நாள் மத்தியானம் ஜீப் வந்து பட்டறை வாசலில் நின்றது. கிருஷ்ணமணி நோட்டோடு இறங்கினார்.

“ஒரு அளவு இடிக்குதே ஆசாரி. வெளிய அஞ்சே முக்கால் அடி. உள்ள ஒண்ணே முக்கால். பாக்கி நாலடியில என்ன வச்சிருந்தே?”

நாள் முழுக்க அளந்தே பிழைக்கிறவரிடம் அளவில் ஏமாற்றப் பார்த்த புத்தியை என்னவென்று சொல்வது! தாணுலிங்கம் கையிலிருந்த உளியைக் கீழே வைத்தான்.

“அங்க... ஒண்ணுமில்ல சாரே. வெறும் காத்து.”

“காத்தா?”

கிருஷ்ணமணி ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்தார். நோட்டிலிருந்து அந்தத் தாளைக் கிழித்து, சிராய்க் குவியலில் போட்டார்.

“ஒனக்க காத்து வள்ளியூர்ல சொகமா இருக்கு. ஹார்ன் ஒட்டிப்போச்சுண்ணு பொய் சொல்லி, செக்போஸ்ட் தாண்டுகது வரைக்கும் அமுக்கிக்கிட்டே இருந்ததுல எனக்க கைதான் வீங்கிப்போச்சு” என்றவர், கையை நீவிக்கொண்டே கேட்டார்:

“அது இப்பிடிக் குறட்டை விடும்ணு முன்னாலயே ஒரு வாக்கு சொல்லப்பிடாதா வேய்?”