சிவப்பு வெந்நீர்

ஓடையில் அள்ளிய தண்ணீரைக் கடற்கரை என்பவன் தன் வாய்க்குக் கொண்டுபோன நேரத்தில்தான் யாரோ ஒரு பெண் ஓடிவந்து சொம்பைத் தட்டிவிட்டாள்.

"தாகத்துக்குத் தண்ணி குடிக்க விடமாட்டியா? ஓடை என்ன உங்கப்பன் வெட்டினதா?" அவன் மனைவி சங்கரம்மாள் சீறினாள்.

அந்தப் பெண் கையை ஆட்டி ஆட்டி மலையாளத்தில் படபடவென்று பொரிந்தாள். இருவருக்கும் ஒரு வார்த்தைகூட விளங்கவில்லை. வெள்ளைத் துணி, அவிழ்ந்த கூந்தல். பாதையோரத்துக் குடிசைக்குள் ஓடி, ஒரு செம்பைக் கொண்டுவந்து கடற்கரையிடம் நீட்டினாள்.

உள்ளே வெந்நீர். அதுவும் சிவப்பாக, கறி கழுவிய தண்ணீர் மாதிரி.

"குடிக்காதிய!" என்று சங்கரம்மாள் கத்துவதற்குள் மடமடவென்று குடித்துவிட்டான் மனுஷன்.

அவள் பயந்ததற்குக் காரணம் இருந்தது. மலையாளத்துக்காரிகள் மருந்து வைத்து ஆளை மயக்கிவிடுவார்கள், குடித்தவன் பெண்டாட்டியை மறந்து அங்கேயே கிடப்பான் என்று அவர்கள் ஊரான தென்காசியில் சொல்லாத ஆளில்லை. மிளகு ஏற்ற மலையாளத்துக்குப் போன அவளுடைய அத்தை மகன் இன்றுவரை திரும்பவில்லை. அதனால்தான் புனலூர்க் கல்யாணத்துக்குப் புருஷனைத் தனியே விடாமல் கூடவே போயிருந்தாள். திரும்புகிற வழியில், திருவிதாங்கூர் ராஜா சீமையைத் தாண்டுவதற்குள் இப்படி ஆகிவிட்டதே!

கடற்கரை அப்படியொன்றும் அழகனில்லை. இருந்தாலும் அவளுக்கு இருப்பது ஒரே புருஷன்.

அந்தப் பெண் ஆவி பறக்கக் கஞ்சியும் கொண்டுவந்து, உட்காரச் சொல்லி அவன் கையைப் பிடித்தாள். அவ்வளவுதான்! சங்கரம்மாள் அவனைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடினாள். பின்னால் அந்தக் குரல் கூப்பிட்டுக்கொண்டே வந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

குரல் ஓய்ந்ததும் அவனைக் குனியவைத்து, தொண்டைக்குள் விரலை விட்டுக் குடித்ததையெல்லாம் வாந்தியெடுக்க வைத்தாள்.

"எம் பேரு என்ன? சொல்லுங்க."

"ஏட்டி, கிறுக்கு பிடிச்சிருக்கா?"

"சொல்லுங்கன்னா!"

"சங்கரம்மா."

அப்போதுதான் அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் அவனுக்கு நாக்கு வறண்டு கண் செருகியது. "தண்ணி..." என்றான். நல்லவேளை, பாதையோரம் அதே ஓடை வந்துகொண்டிருந்தது. ஓடிப்போய்ச் சொம்பு நிறைய முகந்து வந்து அவன் வாயில் வைக்கப் போனாள்.

"ஏ தாயி! கீழ ஊத்து! ஊத்துதியா இல்லையா?"

மாட்டு வண்டியிலிருந்து குதித்து ஓடிவந்தார் ஒருவர். பேச்சு நம்மூர்ப் பேச்சு. அவள் பயந்துபோய்ச் சொம்பைக் கீழே போட்டாள்.

"நான் பண்பொழிப் பிச்சையா. ஓடைக்கு மேல குடியிருக்க ஆளுகளுக்குப் பூரா வாந்திபேதி. இந்தத் தண்ணியக் குடிச்சவன் எவனும் பொழைக்கல. இந்தா, இதக் கொடு" என்று ஒரு சுரைக்குடுக்கையை நீட்டினார். "பதிமுகக் கட்டை போட்டுக் காய்ச்சின வெந்நி. செவப்பாத்தான் இருக்கும். பயப்படாத. அந்தக் குடிசைப் பொண்ணு கொடுத்துவிட்டது. ‘முன்னால போற தமிழாளுகளுக்கு எப்படியும் கொடுத்திரணும்’னு வண்டிய மறிச்சுல்லா நின்னுட்டா!"

கடற்கரை குடித்தான். சங்கரம்மாள் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் அவள வாய்க்கு வந்தபடி ஏசிட்டு வந்தேனே அண்ணாச்சி! எங்க மேல அவளுக்கு என்ன அம்புட்டு அக்கறை?"

பிச்சையா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"போன வாரம் இந்த ஓடைத் தண்ணியாலதான் தாயி அவ புருசன் போனான். ‘அந்தப் பொண்ணாவது புருசனோட ஊரு போய்ச் சேரட்டும்’னு சொல்லி அழுதா."