இருக்கிறதுலயே பெரிய சைஸ்

“இருக்கிறதுலயே பெரிய சைஸ் ஒண்ணு எடுங்க அம்மணி” என்றார் மாசாணம், கடைக்கார அக்காவிடம்.

அதுவரை துள்ளிக்கொண்டிருந்த மகள் கயல்விழிக்கு முகம் சுண்டிப்போனது.

ஏற்றுமதியில் மிஞ்சிய துணிகளை விற்கும் திருப்பூர்க் கடை அது. சைக்கிள் பந்தயக்காரர்கள் போடும் டவுசர் அங்கேதான் கிடைக்கும் என்று விளையாட்டு டீச்சர் மெர்சி சொல்லி அனுப்பியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை அவிநாசியில் பெண்கள் சைக்கிள் பந்தயம். பிளஸ் ஒன் படிக்கும் கயல்விழிக்கு அதுதான் முதல் பந்தயம்.

போன வாரம் பயிற்சிக்குப் போகும்போது சுடிதார் பேண்ட் செயினில் சிக்கி விழுந்துவிட்டாள். விழுந்தது ஊர்த்தெரு டீக்கடைக்கு முன்னால். பெஞ்சில் இருந்தவர்கள் மொத்தமும் சிரித்தார்கள். காலனிப் புள்ளைக்கு சைக்கிள் ஒரு கேடா என்று ஒருத்தன் கேட்டான். டவுசரில் வந்தால் பார்க்க நல்லா இருக்கும் என்றான் இன்னொருத்தன்.

காலனியிலிருந்து தார் ரோட்டுக்கு வர அந்தத் தெருதான் வழி. மாசாணத்தின் அப்பா காலத்தில் அங்கே காலனி ஆட்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும். ஏறினால் அடி. வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கினாலும் அடி. எவரும் பெரிய மனசு பண்ணி அதை மாற்றிவிடவில்லை. உதைபட்டு, ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்து, கேட்டு வாங்கியது.

மின்வாரியத்தில் வேலை பார்க்கும் மாசாணம் அதனாலேயே வேட்டியை மடித்துக் கட்டமாட்டார். மழையில் சேறு தெறித்தாலும் சரி, கஞ்சி போட்ட வேட்டி கணுக்கால் வரை தொங்கும்.

அந்த அப்பா டவுசர் வாங்கக் கூட்டி வந்ததையே கயல்விழியால் நம்ப முடியவில்லை.

கடைக்கார இஸ்மத் அக்கா ஒரு பழைய சைக்கிளை ஸ்டாண்டு போட்டுக் கடைக்குள்ளேயே நிறுத்தியிருந்தார். புதுசாக ஓட்டுகிறவர்கள் எல்லாம் கண்ணாடி முன்னால் நின்று பார்த்து ஏமாறுகிறார்களாம். “நின்னு பாக்காத கண்ணு. ஏறி உக்காந்து மிதிச்சுப் பாரு.”

முதலில் போட்டது தொடைக்கடியில் சுருண்டது. அடுத்தது ரப்பர் கடித்தது. மூன்றாவது தோல் மாதிரி ஒட்டிக்கொண்டது. உள்ளே தைத்திருந்த மெத்தை, உட்காரும் எலும்புக்குச் சரியாகக் கீழே வந்து நின்றது. மிதித்தாள். பின்சக்கரம் விர்ரென்று சுற்றியது.

“இதேதானுங்க அக்கா” என்று சிரித்தாள். மூச்சு வாங்கியது. அவிநாசி ரோட்டில் எல்லோரையும் முந்திக்கொண்டு போவதுபோல் இருந்தது.

அவள் இறங்கிப் போய்ச் சுடிதாருக்கு மாறி வருவதற்குள்தான் அப்பா பெரிய சைஸ் கேட்டார்.

லூசாக இருந்தால் துணி உரசித் தொடைத் தோலை உரித்துப்போடும், பாதி ரோட்டில் இறங்கிவிடுவாள் என்று இஸ்மத் அக்கா எவ்வளவோ சொன்னார். மாசாணம் அசையவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, தணிந்த குரலில் கேட்டார்.

“முட்டி மறையற மாதிரி கிடைக்குமுங்களா?”

“அப்படி வராதுங்க.”

மாசாணம் சட்டைப்பையிலிருந்து பணத்தை எடுத்தார். “சரி. பெருசே குடுங்க.”

கயல்விழிக்குப் பொறுக்கவில்லை. “டீக்கடையில சிரிச்சவனுக்கும் உங்களுக்கும் என்னங்கப்பா வித்தியாசம்?”

அவள் விறுவிறுவென்று வெளியே போய் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டாள். மாசாணம் கொஞ்சம் பிந்தி, கையில் ஒரு பையோடு வந்தார். காங்கேயம் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பியவள் ஊர் வரும்வரை இந்தப் பக்கம் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், பந்தயத்துக்கே போகப்போவதில்லை என்று அம்மா ராசம்மாளிடம் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

விடிந்ததும் ராசம்மாள்தான் பயிற்சிக்கு எழுப்பினாள். வாசலில் கயல்விழியின் சைக்கிள் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு நின்றது. சீட்டின் மேல் டவுசர் மடித்து வைத்திருந்தது.

எடுத்து விரித்தாள். பெருசு இல்லை. அந்த மூன்றாவது டவுசரேதான்.

தூக்கம் எங்கே போனதென்று தெரியவில்லை. உள்ளே ஓடி மாட்டிக்கொண்டு வந்து சைக்கிளில் ஏறப்போனாள். பக்கத்தில் ராசம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பில் குலுங்கினாள்.

கயல்விழி திரும்பிப் பார்த்தாள்.

மாசாணம் தன் பழைய சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேலே கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. கீழே இருக்கிறதிலேயே பெரிய சைஸ் டவுசர். வெயிலே பார்க்காத முழங்கால்கள் இரண்டும் வெளுத்துத் தெரிந்தன.

“என்னங்கப்பா இது?”

அவர் மகளைப் பார்க்கவில்லை. ஊர்த்தெருவையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

“நான் முன்னால போறேன் கண்ணு. சிரிக்கறவன் என்னையப் பாத்துச் சிரிச்சுட்டுக் கெடக்கட்டும். நீ அதுக்குள்ள தாண்டிப் போயிரு.”