‘ஃபோர்’ போட்டு ஓர் உதாரணம்

"இந்த எஃப்-ஓ-ஆர் ஃபோர் இன்னும் என்ட மண்டையில ஏறுதில்ல சேர். இன்னொரு உதாரணம் சொல்லுங்களேன்," என்றபடி கொப்பியை விரித்தார் லெய்லா சாச்சி.

அஃப்ராஸ் பெருமூச்சை விழுங்கிக்கொண்டான். புத்தளம் டவுனில் பெரியவர்களுக்கென்று அவன் புதிதாகத் தொடங்கிய ஆங்கில வகுப்பில் இதுவரை சேர்ந்த ஒரே ஆள், மரியாதைக்காக அவன் சாச்சி என்றழைக்கும், ஐம்பது தாண்டிய இந்தப் பெண்மணிதான். மூன்று நாளாக ஃபோரை விட்டு நகர மாட்டேன் என்கிறார்.

அவன் மனமோ மேசையில் கிடந்த போனில் இருந்தது. பக்கத்து ஊரான கனமூலையில் அஸ்ரியா என்றொரு பெண்ணை அவனுக்குப் பேசியிருந்தார்கள். போட்டோவைப் பார்த்த நிமிடமே பிடித்துப்போயிற்று. இரண்டு வாரமாகியும் பதில் இல்லை. தரகர் முஹ்ஸின் நானாவைக் கேட்டால், "விசாரிக்கிறாங்களாம், பொறுங்க" என்ற ஒரே பாட்டுத்தான். இது தட்டிப்போனால் அவனால் தாங்க முடியாது.

"ஒருத்தருக்காக ஒன்றச் செய்தா ஃபோர் வரும் சாச்சி. ஐ குக் ஃபோர் மை மதர். உம்மாவுக்காகச் சமைக்கிறேன்."

"நீங்களா சமைக்கிறீங்க?"

"உம்மாக்கு முழங்கால் வருத்தம். காலையில நான்தான்."

சாச்சி எழுதிக்கொண்டார். "வேற?"

"எவ்வளவு காலம் என்றதுக்கும் வரும். ஃபோர் டூ இயர்ஸ். ரெண்டு வருஷமாப் புள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன்."

"அதுக்கு முந்தி?"

"லொறிக்கு உப்பு மூட்டை ஏத்தினேன். சாச்சி, அதையும் எழுதுறீங்களா?"

"உதாரணம்தானே சேர். சொல்லுங்க."

அஃப்ராஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கூலி எடுக்காம ஒன்றச் செய்தாலும் வரும். ஃபோர் நத்திங். பக்கத்து வீட்டு ரெண்டு புள்ளைகளுக்கு அப்பிடித்தான் சொல்லிக்குடுக்கிறேன்."

"காத்திருக்கிறதுக்கும் இதுதானா?"

"ஓம். வெய்ட்டிங் ஃபோர்."

"நீங்க எதுக்குக் காத்திருக்கிறீங்க?"

அவன் முகம் சிவந்தது. "ஒரு பதிலுக்கு," என்று முணுமுணுத்தான்.

சாச்சி அதையும் எழுதிவிட்டுக் கொப்பியை மூடினார். "சரி சேர். நாளையில இருந்து நான் வரமாட்டேன்."

இருந்த ஒரே மாணவியும் போகிறாரே என்று அவனுக்கு மனம் சோர்ந்துவிட்டது. "நான் சொல்லிக்குடுத்தது விளங்கல்லையா சாச்சி? வேணுமெண்டா முதல்ல இருந்து சொல்றேன்."

"நல்லா விளங்கிச்சு. இருபத்தஞ்சு வருஷம் பள்ளிக்கூடத்தில நான் படிப்பிச்சதும் இங்கிலீஷ்தான்," என்று எழுந்தார் சாச்சி. "விசாரிச்சு முடிஞ்சிட்டு மகன். இந்தக் கொப்பிய என்ட மகள் அஸ்ரியாட வாப்பாக்கிட்டக் குடுத்திடுறேன், வெள்ளிக்கிழமை உம்மாவக் கூட்டிக்கிட்டு எங்கட ஊட்டுக்கு வாங்க."