பக்க எண்

“இதை வாங்க முடியாது, அத்தான். எடுத்துட்டுப் போங்க.”

கல்லூரி நூலகத்தில் ஆய்வேடுகளைச் சரிபார்த்து முத்திரை குத்துகிற மேசை அது. உட்கார்ந்திருந்தவள், எதிரே நின்றவருடைய மனைவியின் கூடப்பிறந்த தங்கை. அவர் கணக்கு வாத்தியார். நாற்பத்தாறு வயதில் பகுதிநேரமாகப் படிக்கிறவர். ‘வீட்டுப்பாடமும் மதிப்பெண்ணும்’ என்று அட்டையில் அச்சிட்ட அவருடைய ஏடு மேசைமேல் கிடந்தது.

“என்னம்மா குறை?”

“மேற்கோள் எல்லாம் வருஷ முறையில இருக்கு. எழுதினவர் பேரு, அடைப்புக்குள்ள வருஷம். அதைப் பக்க முறைக்கு மாத்திட்டு வாங்க. பேரு, பக்க எண்.”

“வருஷ முறை, பக்க முறை, அடிக்குறிப்பு முறை, மூணுல எது வேணாலும் எடுத்துக்கலாம், எடுத்ததைக் கடைசிவரைக்கும் விடாதீங்கன்னு நீங்கதானே எழுதி ஒட்டியிருக்கீங்க?” சுவரைக் காட்டினார்.

“ஒட்டினதே நான்தான்.”

“அப்புறம்?”

“உங்க ஆய்வுக்குப் பக்க முறைதான் பொருத்தம்.”

“வெள்ளிக்கிழமை கடைசி நாள். இது போகலைன்னா தலைமை ஆசிரியர் பட்டியல்ல என் பேரு ஏறாது. தெரியும்ல உனக்கு?”

“இன்னைக்குச் செவ்வாய்தானே, அத்தான்?”

திருப்பி அனுப்புகிற சீட்டை எடுத்தாள். அதில் இரண்டே கட்டங்கள். ஒன்று, ‘மேற்கோள் முறை: திருத்தவும்’. இன்னொன்று, ‘மேற்கோள் ஆதாரம்: ஐயம்’. இரண்டாவதில் குறி விழுந்தால் ஏடு விசாரணைக் குழுவுக்குப் போகும். போனது திரும்பிவர ஒரு வருடம் ஆகும்.

முதல் கட்டத்தில் குறி போட்டு நீட்டினாள். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு போனார்.

வீட்டில் மனைவி போனை எடுத்துவிட்டாள்.

“ஏண்டி, உன்னைத் தொட்டில்ல போட்டு ஆட்டினவ நான். என் புருஷனுக்கு ஒரு முத்திரை குத்த உனக்குக் கை வலிக்குதா?”

“அக்கா, அத்தானுக்கு மூணு வேளையும் சமைச்சு வேணா அனுப்பறேன். முத்திரையை மட்டும் கேக்காதே.”

“உன் சமையலைச் சாப்பிட்டு அவர் எங்க ஏட்டை முடிக்கிறது?” போனை வைத்தாள். “நாற்காலி கிடைச்சதும் கண்ணு உச்சந்தலைக்குப் போயிடுச்சுங்க இவளுக்கு.”

“வெளி ஆளா இருந்தாக்கூட இரக்கப்பட்டிருப்பான்,” என்றார் வாத்தியார்.

மறுநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு நூலகத்தில் போய் உட்கார்ந்தார். மொத்தம் நாற்பத்தோரு புத்தகங்கள். முப்பத்துநாலுக்கு அவருடைய நோட்டிலேயே பக்க எண் இருந்தது. மீதி ஏழுக்கு இல்லை. அந்த ஏழும் ஒரு பழைய ஆய்வேட்டிலிருந்து வாக்கியத்தோடு எடுத்துக்கொண்டவை. எல்லோரும் செய்வதுதானே? பேரும் வருடமும் அதிலேயே இருந்தன. புத்தகத்தைத் தேடவேண்டிய அவசியம் அப்போது வரவில்லை.

ஏழின் பேரையும் எழுதி மச்சினியிடம் கொடுத்தார். பின்னால் இருந்த அலமாரியைத் திறந்து ஒரே நிமிஷத்தில் எடுத்துவந்து வைத்தாள். ஒன்றைக்கூடத் தேடவில்லை.

முதல் புத்தகத்தைத் திறந்தார். பின்னட்டையில் ஒட்டியிருந்த, யாராவது எடுத்துப்போனால் தேதி குத்துகிற தாளில் கடைசியாக விழுந்த தேதிக்கு ஆறு வயது ஆகியிருந்தது.

மூன்றாவது புத்தகத்தில்தான் சிக்கினார். ‘வீட்டுப்பாடம் கூடக்கூட மதிப்பெண் கூடும்’ என்று சொன்னதாக இவர் எடுத்துக் காட்டியிருந்த ஆள், தொண்ணூற்றிரண்டாம் பக்கத்தில் நேர் எதிராக எழுதியிருந்தார். ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் மதிப்பெண் இறங்குமாம். ஐந்தாவது புத்தகத்தில் வீட்டுப்பாடம் என்ற பேச்சே இல்லை. அது பள்ளிக்கூடக் கட்டடங்களைப் பற்றியது.

வாத்தியாருக்குக் காது சுட்டது. சுற்றுமுற்றும் பார்த்தார். பக்கத்து மேசையில் ஒருவர் கன்னத்தில் கைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். நல்லவேளை, யாருக்கும் தெரியாது.

அன்றும் மறுநாளும் ஏழையும் முதல் பக்கத்திலிருந்து படித்தார். ஏட்டிலிருந்து கட்டடத்தைத் தூக்கி எறிந்தார். மூன்றாம் அத்தியாயத்தைத் திருப்பி எழுதினார். முடிவுரையும் மாறியது.

வெள்ளிக்கிழமை மதியம் ஏட்டை மேசையில் தொப்பென்று வைத்தார்.

“இந்தாம்மா. பக்க எண். எண்ணிப் பார்த்துக்கோ.”

அவள் மூன்றாம் அத்தியாயத்தை மட்டும் நிதானமாகப் படித்தாள். பிறகு முத்திரையைக் குத்தினாள்.

வாத்தியார் ரசீதைச் சட்டைப்பையில் வைப்பதற்குள், வரிசையில் அடுத்து நின்ற நர்ஸம்மா தன் ஏட்டை நீட்டினாள். மச்சினி புரட்டினாள். பக்கத்துக்குப் பக்கம் அடைப்புக்குறி. அடைப்புக்குள் பேரு, வருஷம். அதே வருஷ முறை.

டப். முத்திரை விழுந்துவிட்டது.

நர்ஸம்மா வாசலைத் தாண்டும்வரை வாத்தியார் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

“நல்லா இருக்கும்மா உன் நியாயம்! அந்தம்மாவுக்கு வருஷம் போதும். அக்கா புருஷன்தானே, அலையட்டும்னு எனக்கு மட்டும் பக்க எண்ணா?”

அவள் முத்திரையை மூடி வைத்தாள். வரிசையில் வேறு யாரும் இல்லையே என்று ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டாள். குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

“அவங்க புத்தகத்தை எடுத்துட்டுப் போய்ப் படிச்சிருந்தாங்க, அத்தான்.”