நான்கு நிமிட அப்டேட்

தணிகாசலத்தின் செயற்கை இதயம் பதினோரு முறை அப்டேட் கேட்டது. பதினோரு முறையும் அவர் 'நாளை நினைவூட்டு' என்று தள்ளிப்போட்டார். பன்னிரண்டாவது முறை அது கேட்கவில்லை. சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தானே நின்று, நான்கு நிமிடத்தில் மறுபடி தொடங்கும் என்று அறிவித்துவிட்டது.

பேட்டரி ஆயுளுக்காக எண்பதுக்கு மேல் ஏற்றாத சார்ஜை அன்று மட்டும் நூறாக்கி, மனைவி இன்பவல்லி அவரைப் படுக்கவைத்தாள். அவருடைய அக்கா குணவதி மூவருக்கும் எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"நாலு நிமிஷம்னாலும் நிக்கிறது நிக்கிறதுதானே வல்லி. அதுவரைக்கும் தலையில பூவை மட்டும் எடுத்துடேன். ஒரு சாஸ்திரத்துக்கு."

"அக்கா, நான் இன்னும் ஆன்லதான் இருக்கேன்," என்றார் தணிகாசலம்.

"எடுக்க மாட்டேன் அண்ணி," என்றாள் இன்பவல்லி.

பத்து மணிக்கு அவர் கண்கள் மூடின. மார்பின் மேலிருந்த சிறு திரையில் சதவீதம் ஏறத் தொடங்கியது. நான்கு நிமிடம் முடிந்தபோது அது தொண்ணூற்றொன்பதில் நின்றது. ஐந்தாவது நிமிடமும் அங்கேயே நின்றது. உதவி எண்ணில் ஒரு குரல் அவர்களுடைய பொறுமைக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தது.

இன்பவல்லியின் கை, அவளைக் கேட்காமலே, பூவை நோக்கி உயர்ந்தது.

குணவதி பாய்ந்து அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். "எடுக்காத. நீ எடுத்தா நெஜமாயிடும்டி."

ஏழாவது நிமிடத்தில் தணிகாசலம் கண் திறந்து தண்ணீர் கேட்டார். இன்பவல்லியால் எழுந்திருக்க முடியவில்லை. குணவதி அந்தக் கையை விட்டால்தானே.