பச்சோந்திக்கு ஐந்து நாள்

ஐந்து நாள் ஒரு பச்சோந்தியைப் பார்த்துக்கொள்ள ஸோம்பா நகரம் முழுக்கத் தேடியும் ஆள் கிடைக்கவில்லை.

அடுத்த வீட்டு கலுவா, முதலையைக் கொடுத்தாலும் வைத்துக்கொள்வேன், இந்தச் சாவு சகுனத்தை மட்டும் என் வாசலுக்குக் கொண்டுவராதே என்று பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டார். பள்ளிக்கூடக் காவலாளி, கவலையை விடு, வாயில் ஒரு சிட்டிகை மூக்குப்பொடியைத் திணித்தால் ஒரே நாளில் பிரச்சினை தீர்ந்தது என்றான். பாதிரியார் தூரத்திலிருந்தே ஜெபிப்பதாகச் சொன்னார்.

கடைசியில் சரி என்றவள் எலுபே. அதை வளர்க்கும் தியாமிகேயின் கணவனுக்கு அக்கா. பச்சோந்தி என்று சொன்னாலே போர்வைத் துணியை இழுத்துத் தோளை மூடிக்கொள்கிறவள்.

தியாமிகேவுக்கு அதில் சந்தோஷமில்லை. ஏழு வாரமாக என்னைப் பார்த்துக்கொண்டது போதாதா இவளுக்கு என்று உள்ளுக்குள் கறுவினாள்.

ஏழு வாரத்துக்கு முன்னால்தான் அது நடந்தது. எட்டாம் மாதம். குழந்தை மூச்சில்லாமல் பிறந்தது.

ஆஸ்பத்திரியில் அவள் மயக்கம் தெளிவதற்குள் எலுபேயும் சபையைச் சேர்ந்த இரண்டு வயதான பெண்களும் அதைத் துணியில் சுற்றி எடுத்துப்போய் அடக்கம் செய்துவிட்டார்கள். அப்படிப்பட்ட குழந்தையின் அடக்கத்துக்கு ஆண்கள் போவதில்லை. தாய் பார்ப்பதில்லை. எங்கே என்று கேட்பதில்லை. அழவும் கூடாது, அழுதால் அடுத்தது தங்காது என்றார்கள்.

தியாமிகே கேட்டாள். மூன்று தடவை கேட்டாள். மூன்றாவது தடவை எலுபே களித் தட்டை அவள் பக்கம் நகர்த்தி, ஆறுவதற்குள் சாப்பிடு என்றாள்.

அதன் பிறகு எலுபே தன் ஊருக்குத் திரும்பவேயில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவலிருந்தாள். தியாமிகே குளிக்கும்போதுதான் அழுவாள், தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டே. கொஞ்சம் தாமதமானால் கதவு தட்டப்படும்.

இப்போது கணவன் யோதாமு ஏரிக்குப் போய்வரலாம் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். ஐந்து நாள் காற்று மாறினால் அவளுக்கு எல்லாம் சரியாகிவிடுமாம். பெட்டிகளை ஏற்றிவிட்டு வாசலில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தான். பாவம், அவனுக்கும் வேறு வழி தெரியவில்லை.

முன்னறையில் கொய்யாச் செடித் தொட்டியைச் சுற்றிப் பழைய கொசுவலையால் ஒரு கூண்டு. தியாமிகே அதன் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். கிண்ணத்தில் வைத்தால் குடிக்காது, இலைமேல் தண்ணீர் தெளிக்க வேண்டும். வெட்டுக்கிளி ஒரு நாளைக்கு நான்கு. காலைக் கிள்ளிவிட்டுப் போட வேண்டும்.

எலுபே வாசற்படியிலேயே நின்று தலையாட்டினாள்.

முக்கியமானதைக் கடைசியில் சொன்னாள். வயிறு முழுக்க முட்டை. இன்றோ நாளையோ செடியைவிட்டு இறங்கிவரும். கூண்டுக்குள் வைத்திருக்கும் வாளி மண்ணில் குழி தோண்டும். தோண்ட ஆரம்பித்ததும் கூண்டின்மேல் துணியைப் போட்டுவிட்டு வெளியே போய்விட வேண்டும். எட்டிப் பார்க்கவே கூடாது.

"யாராவது பாக்குறாங்கன்னு தெரிஞ்சா பாதியிலயே நிறுத்திடும் அண்ணி. எல்லாத்தையும் உள்ளயே வச்சுக்கும். வச்சுக்கிட்டே செத்துப்போயிடும்."

குத்திக்காட்ட வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. ஆனால் சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது.

எலுபே தரையைப் பார்த்தாள். அந்த முட்டைகள் பொரியுமா என்று கேட்டாள். பொரியாது, ஆண் துணையே கிடையாது என்றாள் தியாமிகே. அப்புறம் எதற்கு இந்தப் பாடு என்றாள் எலுபே.

பொரிந்தாலும் பொரியாவிட்டாலும் தன் கையால் மண்ணில் வைத்து மூடினால்தான் அதற்கு ஆறும் என்றாள் தியாமிகே.

எலுபே முதல் தடவையாக அறைக்குள் வந்தாள். வலைக்கு அருகில், வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள். பச்சோந்தியின் ஒரு கண் சுழன்று அவள்மேல் நின்றது. அவள் ஓடவில்லை.

வாளி மண்ணைக் கிளறிப் பார்த்த தியாமிகே உதட்டைப் பிதுக்கினாள். பொடிப்பொடியாகக் காய்ந்திருந்தது. இதில் குழி நிற்காது. கிளம்புவதற்குள் ஈர மண் கொண்டுவந்துவிடலாம் என்று வாளியையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள்.

குளியலறைத் தண்ணீர் ஓடிப் பாயும் வாழைமரங்களின் கீழே மண் கறுப்பாக, இளகிக் கிடந்தது. சுற்றிலும் புல் மண்டியிருக்க அந்த இடத்தில் மட்டும் புல்லில்லை. நல்லதாகப் போயிற்று என்று மண்வெட்டியை ஓங்கினாள்.

எலுபே வெறுங்காலோடு ஓடிவந்தாள். இடுப்புத் துணி அவிழ்வதைக்கூடக் கவனிக்காமல் மண்வெட்டியின் காம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மூச்சு வாங்கியது.

"அங்க வேணாம் கண்ணு. தூரமாக் கொண்டுபோக எனக்கு மனசு வரல."

தியாமிகேவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புல் முளைக்காத அந்தச் சின்ன இடத்தைப் பார்த்தாள்; புரிந்தது.

வாசலில் யோதாமு நேரமாகிறது என்று ஹார்ன் அடித்தான்.

தியாமிகே இரண்டு எட்டுப் பின்னால் நகர்ந்து, செருப்பைக் கழற்றினாள்.